மண்டபத்தைக் காலி செய்யும் முன் கணக்கை முடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய இடத்துக் கல்யாணங்களைப் பற்றிப் போன ஞாயிறு வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மேடைச் செலவு, பூச்செலவு, வந்த பிரமுகர்கள் எல்லாம் இருந்தது, நடத்திக் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் பதினோரு வருஷமாகக் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் கல்யாண ஏற்பாடு செய்து கொடுக்கிறவள், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இதில் இறங்கியபோது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அடுத்தவர் விசேஷத்தில் எடுபிடி வேலையா என்று கேட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் லண்டனின் எலிசபெத் ஆன்சன் அம்மாவைப் பற்றிப் படித்தேன். 1941இல் விண்ட்சர் கோட்டையிலேயே பிறந்தவர், ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஞானத்தந்தை, எலிசபெத் ராணிக்கு உறவு. அப்பேர்ப்பட்டவர் 1960இல், 19 வயதில், விருந்து ஏற்பாடு செய்து தரும் கம்பெனி தொடங்கி, 2020இல் காலமாகும்வரை அதையே தொழிலாக வைத்திருந்தார். 2011இல் இளவரசர் வில்லியம் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி நடந்த விருந்துகூட அவர் பொறுப்புதான். அரண்மனைச் சொந்தத்துக்கே இதில் கௌரவக் குறைச்சல் தெரியவில்லையே என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன், அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அறுவைப் பேர்வழிகளை எல்லாம் அந்த அம்மா ஒரே மேசையில் உட்கார வைத்துவிடுவாராம். கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் இந்த வேலையின் உயிரே ஆளைத் தெரிந்து வைத்திருப்பதுதான். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட பெரியப்பாவையும் சித்தப்பாவையும் எதிரெதிர் இலையில் உட்கார வைக்கக் கூடாது, தாய்மாமனை முதல் பந்திக்கு யார் போய்க் கூப்பிட்டால் எழுந்து வருவார் என்று தெரிந்திருக்க வேண்டும், ஓசூர்ப் பக்கம் என்றால் பெண் வீட்டில் தெலுங்கு, மாப்பிள்ளை வீட்டில் கன்னடம், சமையல் மாஸ்டருக்குத் தமிழ் மட்டும்தான் வரும், மூன்று பேருக்கும் நடுவில் நான்தான் நிற்க வேண்டும். ராயக்கோட்டைச் சாமந்தி முகூர்த்த நாளில் என்ன விலைக்கு ஏறினாலும் நான் பேசிய தொகை பேசியதுதான்.

சரி, பணத்துக்கு வருகிறேன். போன தை மாதம் ஒரு வசதியான வீட்டு ரிசப்ஷனில் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓட நாலு நிமிஷம் ஆகிவிட்டது. என் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக மிச்சப் பணம் 45,000 ரூபாயை அப்படியே நிறுத்திவிட்டார்கள். பந்தி பரிமாறிய பதினெட்டுப் பிள்ளைகளும் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமிருந்து வந்த காலேஜ் பையன்கள், அவர்களிடமும் பாத்திரம் கழுவிய அக்காக்களிடமும் போய்க் கரண்ட் கதையா சொல்ல முடியும்? வளையலை அடகு வைத்துக் கூலி கொடுத்தேன். அந்த வீட்டார் கெட்டவர்கள் இல்லை, மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்கவில்லை. எங்கள் வேலை மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை, போனில் நாலு பேரிடம் பேசியதற்கு இவ்வளவா என்று தோன்றிவிடுகிறது.

விசேஷம் வைக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குறை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், நியாயமானதைக் கழித்துக்கொள்ளுங்கள், ஆனால் மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்குள் கணக்கை முடித்துவிடுங்கள். அடுத்த தடவை கல்யாணக் கட்டுரை போடும்போது நீங்களும் ஒரு நிருபரை ராத்திரி இரண்டு மணிக்குச் சமையல்கட்டுப் பக்கம் அனுப்பிப் பாருங்கள்.

வரும் ஆவணியில் ஏழு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். எந்தத் தேதியில் எவ்வளவு என்று இந்தத் தடவை எல்லா வீட்டுக்கும் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து வீட்டார் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு வீட்டார் இன்னும் யோசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண ஏற்பாட்டாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.