அரசு உயர்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: பொன்விழா ஆண்டின் செயலாளர் அறிக்கை (2024–25)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்களே, முன்னாள் மாணவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஜூன் முதல் 2025 மே முடிய உள்ள ஓராண்டுக்கான செயலாளர் அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன்.

நம் ஊரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்து 50 ஆண்டுகள் நிறைந்தது இவ்வாண்டில்தான். அப்போது ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் தொடக்கப் பள்ளியாகப் பிரிந்து அதே வளாகத்தின் கீழைக் கட்டடத்துக்குப் போயின. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவை நம் பள்ளியாயின. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல்தான் வந்தது என்பதால், அந்நாளில் பதினோராம் வகுப்பே பள்ளி இறுதி வகுப்பாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 1977-இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய முதல் அணியினரில் சிலர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அதற்கு முன்பு எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் திருத்துறைப்பூண்டிக்கு நடக்கக் கால்வலுவும், மதியச் சாப்பாட்டுக்கு வழியும் உள்ளவர்கள் மட்டுமே மேலே படித்தார்கள்; மற்றவர்கள் நடவுக்கும் மாடு மேய்க்கவும் போனார்கள்.

பொன்விழாவை எப்படிக் கொண்டாடுவது என்று சென்ற ஜூன் மாதம் செயற்குழு கூடியபோது, நுழைவாயிலில் ஒரு நினைவு வளைவு கட்டுவது என்ற கருத்தே முதலில் வலுவாக இருந்தது. அதற்கென நன்கொடை அறிவித்தவர்களும் உண்டு. மூன்று கூட்டங்கள் நீண்ட விவாதத்துக்குப் பின், வளைவை ஒத்திவைத்து, அந்தத் தொகையைப் பள்ளியை விட்டு நின்றுபோகும் பிள்ளைகளுக்குச் செலவிடுவது என்று முடிவாயிற்று. இம்முடிவில் மனத்தாங்கல் கொண்ட உறுப்பினர்கள் சிலர் இன்றும் உள்ளனர் என்பதை நான் அறிவேன். முடிவு ஏன் சரியானது என்பதை இவ்வாண்டின் அனுபவத்தைக் கொண்டே அவர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

நம் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்குப் போக ஒரே பேருந்துதான். அன்று எட்டாம் வகுப்பில் இருந்த பள்ளம் இன்று பத்தாம் வகுப்புக்கு நகர்ந்திருக்கிறதே தவிர, இன்னும் தூர்ந்துவிடவில்லை. 2024 மார்ச்சில் தேர்வெழுதிய அணியில் யார் யார் எங்கே சேர்ந்தார்கள் என்று ஒருவரும் கணக்கு வைத்திருக்கவில்லை. எனவே ஜூன் இறுதியில், மூவர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து வீடு வீடாகச் சென்றோம். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாத ஆண்டு அது. ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். கடைமடைக்காரர்களான நமக்கு அதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. குறுவை வேலை இல்லாமல் போன வீடுகளில் சில பூட்டிக் கிடந்தன. குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகப் பதிவு செய்கிறேன். அந்தப் பெண் நல்ல மதிப்பெண் பெற்றவள். சான்றிதழைக் கேட்டபோது அவளுடைய தாயார் அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த மதிப்பெண் பட்டியலை எடுத்து, புடவைத் தலைப்பால் தவிடு துடைத்துக் கொடுத்தார். எலி கடித்துவிடும் என்பதால் அங்கே வைத்திருப்பதாகச் சொன்னார். படிக்க வைக்க மனமில்லாதவர் அவரல்லர். “பஸ்ஸ விட்டுட்டா அஞ்சு மைலு தனியா நடந்து வரணுமுங்க, பொட்டப்புள்ளைய எப்புடி அனுப்புறது?” என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி. அந்தத் தெருவிலிருந்து அதே மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் இன்னும் இரு பெண்களின் பெற்றோரையும் அழைத்துப் பேசி, பேருந்து தவறும் நாள்களில் மூவரையும் ஒன்றாக அழைத்து வர ஆட்டோ ஒன்றுக்குச் சங்கம் பொறுப்பேற்றது. மூவரும் இப்போது பதினொன்றாம் வகுப்பை முடித்துள்ளனர். வளைவுக்கென ஒதுக்கிய பணத்தின் முதல் செலவு அந்த ஆட்டோ வாடகை.

கணிதப் பாடத்தில் தவறிய மாணவர் ஒருவர் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்திருந்தார். நம் சங்க உறுப்பினரான ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசி, ஜூலை மாதத் துணைத்தேர்வுக்கு வரவழைத்து, தம் வீட்டுத் திண்ணையிலேயே மாலை தோறும் பாடம் நடத்தினார். அவர் தேறினார், மேல்நிலை வகுப்பிலும் சேர்ந்தார். இன்னொருவரை எங்களால் திரும்ப அழைத்து வர முடியவில்லை. அவர் தங்கைகளின் செலவுக்குத் தாம் ஒருவரே சம்பாதிக்கும் நிலையில் இருக்கிறார். அவருக்குத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் அனுப்பியுள்ளோம், தொடர்பு விடவில்லை.

ஜூலை 15, காமராசர் பிறந்த நாளான கல்வி வளர்ச்சி நாளில் பொன்விழா முறையாகத் தொடங்கியது. 1958-இல் தொடங்கி, கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பரவிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின்போது, ஊர் மக்கள் பள்ளிகளுக்கு நாற்காலியும் மணியும் கடிகாரமும் கொடுத்ததை மூத்தோர் நினைவுகூர்ந்தனர். நம் பள்ளியில் இன்றும் ஒலிக்கும் தண்டவாளத் துண்டு மணி அப்படி வந்ததே என்பது அவர்கள் சொல்லக் கேட்டு நாங்கள் அறிந்தது.

பழைய சேர்க்கைப் பதிவேடுகளைச் சீர்செய்யும் பணியும் இவ்வாண்டில் நடந்தது. கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் கரையேறியபோது அலுவலக அறையின் ஓடுகள் பறந்து, மழைநீரில் ஊறிய பதிவேடுகள் அவை. தலைமையாசிரியரின் அனுமதியோடு, அவர் முன்னிலையிலேயே பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தி, படமெடுத்து, புதிதாக அட்டையிட்டுத் தைத்துக் கொடுத்தோம். பெற்றோர் கையொப்பப் பகுதியில் தொடக்கப் பக்கங்கள் முழுவதும் கைநாட்டு. நீல மை பூத்துப்போன பெருவிரல் ரேகைகள். பக்கங்களைப் புரட்டப் புரட்டக் கைநாட்டுகள் குறைந்து கையெழுத்துகள் கூடிக்கொண்டே வருகின்றன. தன் பாட்டனார் வைத்த கைநாட்டையும், அதே பதிவேட்டு வரிசையில் தன் தாயார் இட்ட கையெழுத்தையும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்டெடுத்து, வெகு நேரம் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். இப்பள்ளியின் 50 ஆண்டுச் சாதனை எது என்று யாரேனும் என்னைக் கேட்டால், அந்தப் பதிவேட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

நவம்பர் இறுதியில் நடத்தவிருந்த பொன்விழா நாள், ஃபெஞ்சல் புயலையொட்டிய கனமழையால் தள்ளிவைக்கப்பட்டு, சம்பா அறுவடைக்குப் பின் பிப்ரவரியில் நடந்தது. தள்ளிப்போனதும் ஒரு வகையில் நன்மையே. மாணவர்கள் அமைத்த நெல் கண்காட்சிக்குப் புது நெல்லும் கதிருமாகவே கிடைத்தன. 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் வாழ்ந்த வட்டாரம் இது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி, காட்டுயானம் என்று மாணவர்கள் கதிர்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் வயதையும் தாங்குதிறனையும் தாங்களே விளக்கினார்கள். வெள்ளத்திலும் சாயாத காட்டுயானத்தின் தாளைத் தன் உயரத்தோடு ஒட்டி நிறுத்தி, “சார், இது என்னைவிட உசரம்” என்று ஏழாம் வகுப்பு மாணவன் சொன்னபோது அங்கிருந்த விவசாயிகள் கைதட்டினார்கள்.

கல்வியிலும் கலையிலும் குறிப்பிடத்தக்கவை: எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் நம் மாணவியர் இருவர் தேர்ச்சி பெற்றனர். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு முடிய, ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் அவர்கள் பெறுவார்கள். இதற்கான சனிக்கிழமைப் பயிற்சியை நம் உறுப்பினர்களே நடத்தினர். கலைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக் குழு வட்டார அளவில் வென்று மாவட்டப் போட்டி வரை சென்றது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் மே 16-இல் வெளிவந்தன; தேறாத மாணவர்களின் பட்டியலைத் தலைமையாசிரியர் அன்று மாலையே சங்கத்திடம் தந்தார். சென்ற ஆண்டு வீடு வீடாகத் தேடியதை இவ்வாண்டு முதல் நாளிலேயே தொடங்க முடிந்தது அவருடைய ஒத்துழைப்பினால்தான்.

புயலில் விழுந்த மரங்களுக்கு ஈடாக வைத்த புங்கன், வேம்புக் கன்றுகளில் பெரும்பாலானவை பிழைத்துள்ளன. இவ்வாண்டில் மறைந்த நம் உறுப்பினர்களுக்கும், முன்னாள் அலுவலக உதவியாளருக்கும் சங்கம் தன் ஆழ்ந்த இரங்கலைப் பதிவு செய்கிறது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார்.

நிறைவேறாதவற்றையும் சொல்ல வேண்டும். காலை நேரத்தில் இன்னொரு நகரப் பேருந்து வேண்டிச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மூன்று மனுக்கள் கொடுத்தோம், பதில் வரவில்லை. கட்டணமில்லாப் பயண அட்டை பிள்ளைகள் கையில் இருக்கிறது, ஏறத்தான் பேருந்து இல்லை. மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கும் வேலை பாதியில் நிற்கிறது. தாமதத்துக்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பு. பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கோரும் கருத்துருவைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளோம். அதற்குத் தேவையான நிலத்தின் பட்டா நகல் ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அந்த நிலத்துக்குரிய குடும்பத்தார் இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்க வேண்டுகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் வழங்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்