முடிந்த தொடர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சின்னத்திரைப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். எந்தத் தொடர் டி.ஆர்.பி. என்னும் பார்வையாளர் அளவீட்டில் முதலிடம், எந்த நடிகை பாதியில் விலகினார், அடுத்த வாரம் என்ன திருப்பம் என்ற செய்திகளுக்கு அதில் குறைவே இல்லை. ஆனால், உட்கார்ந்து பார்க்கத் தகுந்த தொடர் எது என்று ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்கு எடுத்துச் சொல்ல அங்கே இடமில்லை. அந்தக் குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வாரத்துக்கு ஒரு நாள் ஒளிபரப்பான 'மர்மதேச'த்தின் 'விடாது கருப்பு' பகுதியை அந்தத் தலைமுறையினர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் கதை எழுத, நாகா இயக்கிய தொடர் அது. இருட்டில் குதிரைக் குளம்பொலி கேட்டாலே எங்கள் தெருவில் சிறுவர்கள் போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள். ஆனாலும் மறுவாரம் அதே நேரத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பயமுறுத்தியதோடு நின்றிருந்தால் அது என்றோ மறந்துபோயிருக்கும். குற்றம் செய்தது சாமியா, மனிதனா என்ற கேள்வியை முதலில் எழுப்பி, ஊரின் நம்பிக்கையையும் மனித மனத்தின் கோளாற்றையும் அருகருகே வைத்து நடத்திச் சென்று, கடைசியில் அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொன்னதால்தான் அது நிலைத்தது. எங்கே முடிக்கப்போகிறோம் என்று தெரிந்தே தொடங்கிய கதை அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நீளமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை எண்ணூறு எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. தாயில்லாத ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கும் தந்தையின் பாட்டைச் சொல்ல அந்த நீளம் தேவைப்பட்டது. சீர்வரிசையில் வரும் ஒரு சொல், மாமியார் வீட்டில் பரிமாறும் கை சற்றுத் தயங்குவது என்று, குடும்பங்களில் காயம் எப்படி நேர்கிறதோ அப்படியே அது காட்டியது. 2020 ஊரடங்கில் மறு ஒளிபரப்பானபோது, அது முதலில் ஓடிய காலத்தில் பிறந்திராத என் மகள்கூட அதை விடாமல் பார்த்தாள்.

இன்றைய நெடுந்தொடர்களில் எனக்கு வருத்தம் தருவது வேறு. 2022 பிப்ரவரியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' எத்தனை கூர்மையாகத் தொடங்கியது! படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுக்களைக்குள் அடைத்துவைக்கும் அந்த வீட்டையும், 'ஏய் இந்தாம்மா' என்ற ஒரே அதட்டலில் அதை ஆட்டிப்படைத்த ஆதிமுத்து குணசேகரனையும் தமிழ்நாடே பேசியது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து அவர்கள் 2023 செப்டம்பரில் காலமானது யாராலும் தவிர்க்க முடியாத இழப்பு. தொடரை அதற்காகக் குறை சொல்வது நியாயமன்று. ஆனால் அதற்கு முன்பே, அந்தப் பெண்கள் ஓரடி எடுத்து வைப்பதும் உடனே இரண்டடி பின்னே தள்ளப்படுவதும் வழக்கமாகிவிட்டிருந்தது. வாராவாரம் வரும் டி.ஆர்.பி. எண்ணைப் பார்த்துக் கதையை இழுப்பதும் முறிப்பதும் நம் தொலைக்காட்சியில் நடைமுறையாகிவிட்டதால், நல்ல கருவும் நல்ல நடிகர்களும் இருந்தும் கதை தேய்ந்துபோகிறது.

இதே பெண் விடுதலையை எட்டே எபிசோடுகளில் சொன்ன 'அயலி'யை, மாலை ஆறு மணி முதல் தொலைக்காட்சியின் முன் அமரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் பரிந்துரைப்பேன். முத்துக்குமார் இயக்கத்தில் 2023-ஆம் ஆண்டு ஜீ5 இணையத் தளத்தில் வெளியானது. பெண் வயதுக்கு வந்தவுடன் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைக்கும் வீரப்பண்ணை என்ற ஊரில், மருத்துவராக வேண்டும் என்ற ஆசைக்காகத் தான் பூப்படைந்ததையே மறைத்துவிடுகிறாள் தமிழ்ச்செல்வி என்ற சிறுமி. 78 வயதான என் மாமியாருடன் அதைப் பார்த்தேன். கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் பித்தளைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்து, இரவுக்கு இரண்டு எபிசோடு என்று நான்கு இரவுகள் பார்த்தோம். ஆறாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர் அவர். முதல் நாள் எதுவும் பேசவில்லை. மறுநாள் மாலை விளக்கேற்றுவதற்கு முன்பே என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு பரீச்சை எழுதிடுவாளாம்மா?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளாக நாங்கள் சேர்ந்து பார்த்த எந்த நெடுந்தொடரைப் பற்றியும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

காவல் நிலையக் கதைகளில் விருப்பமுள்ளவர்களுக்கு 2022-இல் வந்த 'விலங்கு' ஏற்றது. ஆனால் அதில் வன்முறையும் வசைச்சொற்களும் உண்டு என்பதால் குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். குழந்தைகளுக்கு, சங்கர் நாக் இயக்கத்தில் 1986-இல் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' போதும். இந்தித் தொடர்தான் என்றாலும், ஆர்.கே. நாராயணின் கற்பனை ஊரைக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் கண்முன் நிறுத்திய அந்தத் தொடருக்கு மொழி தடையாக இருக்காது.

எனவே, தங்கள் சின்னத்திரைப் பக்கத்தில் கால் பக்கத்தையேனும் வாசகர்களின் பரிந்துரைக்கு ஒதுக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களோடு முடிந்துபோன தொடர்களையும் அதில் சேர்க்க வேண்டும். எத்தனை எபிசோடு, எங்கே பார்க்கலாம், எந்த வயதினர் பார்க்கலாம் என்ற மூன்று விவரங்களும் உடன் இருந்தால் பலருக்கும் உதவும். தாங்கள் இசைந்தால், 'அயலி'யைப் பற்றி என் மாமியார் சொல்லச் சொல்ல நான் எழுதி, முதல் பரிந்துரையாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
கும்பகோணம்