தொலைபேசியில் சொல்லாமல் விட்டது

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகள்,

நத்தார் விடுமுறையில் நீயும் தோழிகளும் இரவல் ஜீப் ஒன்றை எடுத்துக்கொண்டு அவுஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் மலைக்காட்டுப் பக்கம் போய்க் கூடாரமடித்துத் தங்கப் போவதாகத் தம்பி சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனி மாதம் நாங்கள் மலைக்காட்டுக் கிராமமான மீமுரேக்குப் போய் வந்ததைப் பற்றி நீ விசாரித்தபோது, எல்லாம் நன்றாக நடந்தது, அம்மாவை அட்டை கடித்ததுதான் ஒரே துன்பம் என்று சொன்னேன். அது முழு உண்மை அல்ல.

நாங்கள் 4 வாகனங்களில் 13 பேர் போனோம். எல்லோருக்கும் முன்னால் கல்முனை நானாவின் பஜரோ, அடுத்து இரண்டு கெப் வண்டிகள், கடைசியில் நம்முடைய பழைய லேண்ட் ரோவர். நானா இளமையில் நீர்ப்பாசன வேலைகளுக்காகக் காடு மேடெல்லாம் வண்டி ஓட்டியவர். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. புறப்படுவதற்கு முன் அவர் எங்களிடம் ஒன்றைத்தான் கட்டளையாகச் சொன்னார்: பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், ஹோர்ன் அடித்துக் கூப்பிட வேண்டிய அவசியமில்லை. கடைசி வண்டிக்காரனாகிய எனக்கு அந்தக் கட்டளையால் எவ்வளவு நன்மை விளையும் என்பது அப்போது தெரியவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குச் செங்கலடிச் சந்தியில் கூடி, பதுளை வீதியில் கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா வழியாகப் பதியத்தலாவைக்குப் போய், அங்கிருந்து மகியங்கனைக்கு வந்து காலைச் சாப்பாட்டை முடித்தோம். போர் நடந்த ஆண்டுகளில் அந்த வீதியில் பொழுது சாய்ந்த பின் போக யார் துணிந்தார்கள்? அம்மா புல்லுமலை தாண்டும் வரைக்கும் ஒன்றும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஹசலகாவைக் கடந்ததும் மலைவீதியின் 18 வளைவு தொடங்கியது. ஏறும்போது ஒரு கரைச்சலும் இல்லை. இரண்டாம் கியரில் மெதுவாக ஏறினோம், இயந்திரம் சூடேறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். மேலே உடதும்பரவைத் தாண்டி ஹுன்னஸ்கிரியவில் பெரிய வீதியை விட்டுத் திரும்பினால், மீமுரேக்கு இன்னும் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு எங்களுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது.

வழியில் கோர்பெட் கணவாயில் இறங்கி நின்றோம். அங்கே அடிக்கும் காற்றில் தொப்பி நிற்காது, பேச்சும் நிற்காது. நம்மூரில் அதே நாட்களில் வீசி முற்றத்து மண்ணையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும் கச்சான் காற்று இதுதான் என்று நானா சொன்னார். தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் அந்தப் பக்கத்தில் மழையாகக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி மட்டக்களப்புக்கு வருகிறதாம். அறுபது ஆண்டுகளாக அந்தக் காற்றைத் திட்டிக்கொண்டே வாழ்ந்த நான், அது எந்த வாசலால் புறப்பட்டு வருகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

தூரத்திலிருந்து பார்த்தால் மடக்கிய கைவிரல் மொழிகளைப் போல் தெரிவதால் வெள்ளைக்காரர் இந்த மலைகளுக்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்களவர் தும்பர மலைத்தொடர் என்பார்கள். 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது. பெரிய மரங்களை நிற்கவிட்டு, அடியில் வளர்ந்த செடிகளை வெட்டி, ஒரு காலத்தில் இங்கே ஏலம் பயிரிட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, அனுமதி வேண்டும். ஆகவே நாங்கள் மீமுரேயில் ஊரவர் ஒருவரின் தோட்டத்தை ஒட்டி, ஹீன் கங்கைக் கரையில் தங்கினோம். சருகு மேல் நெருப்பு மூட்டக் கூடாது என்று நானா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் சமையல் எல்லாம் எரிவாயு அடுப்பில்தான் நடந்தது. நாங்கள் கொண்டுபோன கருவாட்டைப் பொரித்த வாசத்துக்கு ஊர்ப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வீட்டுக்காரப் பெண்மணி பதிலுக்குக் கித்துள் கருப்பட்டி கொடுத்தார். எதிரே லக்கேகல சிகரம் முக்கோணமாக எழுந்து நின்றது. இராவணனைச் சேர்த்து அவர்கள் அதற்கொரு கதை சொன்னார்கள், நானாவும் மொழிபெயர்த்தார், ஆனால் அதில் பாதி அவர் சொந்தமாகச் சேர்த்தது என்றே நினைக்கிறேன். இரவில் ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டு அம்மா நன்றாகத் தூங்கினாள். அட்டை கடித்தது மறுநாள் காலையில்தான். கால் முழுக்கச் சவர்க்காரம் பூசியும் விரல் இடுக்கில் புகுந்துவிட்டது.

இனி நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பி வரும்போது, கல்லும் பள்ளமுமான மீமுரே வழியில் அடி மேல் அடி வைத்து, லோ கியரில், பயபக்தியோடு ஓட்டினேன். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பெரிய வீதிக்கு ஏறி நல்ல தார் தெரிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று மனம் தளர்ந்துவிட்டது. 18 வளைவில் மூன்றாம் கியரில் இறங்கிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்து, கீழே மகாவலிச் சமவெளி விரிந்து கிடப்பதை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டு வந்தேன். எத்தனையாவது வளைவு என்று எனக்கு நினைவில்லை. எரிந்த ரப்பர் போல ஒரு வாசம் வந்தது. முன்னால் போகும் கெப் வண்டியிலிருந்து வருகிறதென்று நினைத்தேன். அடுத்த வளைவுக்கு மிதித்தபோது பெடல் பஞ்சை மிதித்ததுபோல் கீழ்வரைக்கும் போய்விட்டது.

அந்த நிமிடத்தில் எனக்கு இரண்டு விடயங்கள்தான் ஞாபகம் வந்தன. நம் வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை, கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள தண்டில் இருக்கிறது. ஓடும்போது அதை இழுத்தால் தண்டு முறியலாம். மற்றது, மலைப்பக்கம் தண்ணீர் ஓடும் கான் இருக்கிறது. இரண்டாம் கியருக்குத் தள்ளினேன், இயந்திரம் அலறியது, பிறகு எப்படியோ முதலாம் கியருக்கும் இறக்கி, வண்டியின் இடப்பக்கத்தை மண்திட்டில் உரசவிட்டுக் கானுக்குள் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். அம்மா சத்தம் போடவில்லை. நின்ற பிறகு, "இப்ப பிள்ளைக்குச் சொல்ல வேணாம்" என்றாள். அதுதான் அவளுடைய முதல் வார்த்தை.

எங்களைக் கண்ணாடியில் காணாததால் முன்னால் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று, நானா கால்நடையாகவே மேலே ஏறி வந்தார். சக்கரங்களுக்குக் கல் வைத்தார். சூடான உருளையில் தண்ணீர் ஊற்றப் போன பையனைத் தடுத்தார், ஊற்றினால் வெடித்துவிடுமாம். ஒன்றரை மணித்தியாலம் சும்மா இருந்தோம். ஆறிய பின் பெடல் மெல்ல உயர்ந்து வந்தது. பிரேக் ஒயிலை எப்போது மாற்றினாய் என்று நானா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குறையும்போதெல்லாம் மேலே ஊற்றி நிரப்பினேனே தவிர, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒருபோதும் ஊற்றவில்லை. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் 3 வகைப் புது ஒயில் கொதிக்கக் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வேண்டும், ஈரம் ஏறியதோ 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகி, மிதிக்கும் பலம் சக்கரத்துக்குப் போகாது. நானா தம்மிடமிருந்த புது ஒயிலை ஊற்றி, கறுத்த கோப்பிபோல இருந்த பழையதைச் சக்கரம் சக்கரமாக வெளியேற்றித் தந்தார். மீதி வளைவுகளை லோ கியரில் நடை வேகத்தில் இறங்கினேன்.

அந்தத் தாமதத்தால் மகா ஓயாவைத் தாண்டும்போது மைமல் பொழுதாகிவிட்டது. வீதியோரம் யானை ஒன்று நின்றது. நான்கு வண்டிகளும் நெருங்கி நின்று, அது தானாகக் காட்டுக்குள் இறங்கும் வரை விளக்கைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தோம். வீட்டுக்கு வர இரவு ஒன்பதரை.

நீ போகப்போவது வேறு மலை, வேறு வண்டி, உங்கள் ஊர் வீதிகளும் வேறு. இருந்தாலும் வண்டியின் சொந்தக்காரரிடம் பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேள். திகதி சொல்லத் தெரியாதென்றால், வெட்கப்படாமல் ஒரு கராஜில் விட்டு மாற்றிக்கொண்டு போ. ஏறும் கியரிலேயே இறங்கு. என்ன நடந்தாலும் வந்து என்னிடம் சொல், அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நம் லேண்ட் ரோவருக்கு நான்கு சக்கரத்துக்கும் புது பிரேக் லைனர் போட்டாயிற்று. இடப்பக்கக் கதவில் விழுந்த கீறலை அப்படியே விட்டிருக்கிறேன். ஆவணியில் மறுபடியும் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அம்மாவும் வருகிறாள், ஆனால் நானாவின் மனைவியோடு பஜரோவில்தான் ஏறுவாளாம்.

இப்படிக்கு,
அன்புடன்
அப்பா