பூங்கா கோபுரம்: ஞாயிறு காலை பறவைக் கணக்கெடுப்பு

அனைவருக்கும் வணக்கம். பூங்காவின் செல்போன் கோபுரத்தடியில் வரும் ஞாயிறு காலை 5.30-க்குக் கூடுகிறோம். தாமதம் வேண்டாம்; இரவில் கோபுரத்தில் மோதி விழுந்த பறவைகளைக் காகமும் பூனையும் தூக்கிப் போய்விட்டால் கணக்கு தப்பிவிடும்.

1. சனி இரவே உச்சி விளக்கைப் பாருங்கள்: அணையாமல் எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா? மேகமூட்ட இரவில் அணையாத சிவப்பு விளக்கைச் சுற்றிச் சுற்றி வரும் வலசைப் பறவைகள், கோபுரத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் இழுகம்பியில் மோதிச் சாகின்றன. மின்னும் விளக்காக மாற்றினாலே சாவு பெருமளவு குறையும். நம் முதல் கோரிக்கை இதுதான்.
2. இழுகம்பிகளின் அடியில் மெதுவாகத் தேடுங்கள். செத்த கதிர்க்குருவி புல்லில் காய்ந்த இலைபோலத்தான் கிடக்கும். அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள்.
3. உயிருள்ளதைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மூடி வையுங்கள். தண்ணீர் புகட்டவே கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

டார்ச், கையுறை அவசியம். வருபவர்கள் வெள்ளி இரவு 8-க்குள் இங்கே பெயர் போடுங்கள்.