மான்ட்ரியலிலிருந்து அக்காவுக்கு

மான்ட்ரியல், அக்டோபர்

அன்புள்ள அக்கா,

இங்கே நான் நலம். நீ, அத்தான், அம்மா, உன் பிள்ளை கதிர் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? "கதிர் உன் வேலைக்கே வரப்போகிறேன் என்கிறான், சேர்க்கலாமா கூடாதா, ஒரே வார்த்தையில் சொல்லு" என்று போனில் கேட்டாய். நான் பேச்சை மாற்றியதும் உனக்குக் கோபம் வந்தது தெரியும். ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். போன சனி ஞாயிறு இங்கே ஒரு கான்செப்ட் ஆர்ட் பட்டறைக்குப் போய்வந்தேன். அங்கே நடந்ததைச் சொன்னால் உன் கேள்விக்குப் பாதி பதில் தானாக வந்துவிடும் என்று தோன்றியது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் வளவளவென்று பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டு. நடுவில் ஒரு பத்தியை மட்டும் தாண்டிவிட வேண்டும். எது என்று அந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் அம்மாவுக்கு. "பொம்மை வரையறதுக்கா இவ்வளவு தூரம் போனே?" என்று இன்னமும் கேட்கிறாள் இல்லையா? நான் வரைவது யார் கண்ணிலும் படப்போவதில்லை என்று சொன்னால் இன்னும் திகைத்துப்போவாள். வீடியோ கேமில் வரும் வீடு, காடு, கத்தி, செருப்பு எல்லாவற்றையும் த்ரீடியில் கட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கட்டுவதற்கு முன்னால் அது எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து முடிவு செய்வதுதான் கான்செப்ட் ஆர்ட் என்கிற என் வேலை. நீ துணியில் கத்திரி வைப்பதற்கு முன்னால் காகிதத்தில் அளவு வெட்டிக்கொள்வாயே, அது மாதிரி. தைத்து முடித்த பிறகு அந்தக் காகிதத்தை யார் தேடப்போகிறார்கள்?

இந்த ஊருக்கு ஏன் வந்தேன் என்று அத்தான் ஒருமுறை கேட்டார். யூபிசாஃப்ட் என்ற பெரிய கேம் நிறுவனம் 1997-ல் இங்கே கிளை திறந்தது. கேம் நிறுவனங்கள் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கை கனடாவின் இந்த கியூபெக் மாகாண அரசே ஏற்றுக்கொண்டது. அப்புறம் 2007-ல் ஐடாஸ் என்ற கேம் நிறுவனம், 2010-ல் வார்னர் பிரதர்ஸின் கேம் பிரிவு என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மைல் எண்ட் என்ற பகுதியில் பழைய துணித் தொழிற்சாலைக் கட்டடத்தில்தான் யூபிசாஃப்ட் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால், பையில் வரைபலகையோடு நிற்கும் ஆள் ஒருவராவது கண்ணில் படுவார். சம்பளம், குளிர், பிரெஞ்சு என்று இங்கே புலம்ப நிறைய இருக்கிறது. ஆனால் என் வேலை என்னவென்று விளக்காமலே பேசக்கூடிய மனிதர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அது வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

பிரெஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. 2022-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வந்து ஆறு மாதம் ஆன பிறகு அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் நம்மோடு பேசும். அரசே இலவசமாக வகுப்பு நடத்துகிறது, நானும் போகிறேன். உச்சரிப்பைக் கேட்டால் நீ சிரிப்பாய். பட்டறையில் அந்தக் கவலை இல்லை. பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசினார்கள், அதுவும் போதாதபோது பென்சிலை எடுத்து வரைந்து காட்டினார்கள்.

பட்டறையை எந்த நிறுவனமும் நடத்தவில்லை. வெவ்வேறு ஸ்டுடியோக்களில் வேலை பார்க்கும் ஓவியர்கள் தாங்களே பேசி ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். பிரேசில், வியட்நாம், உக்ரைன், பிரான்ஸ், இந்த மாகாணத்துப் பிள்ளைகள் என்று பல முகங்கள். நடத்தியவர் ரொம்ப வருஷம் ஆர்ட் டைரக்டராக இருந்த அம்மா ஒருவர். அதிகம் பேசமாட்டார். காலையில் எங்களுக்குக் கொடுத்த காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஆண்டுதோறும் வெள்ளம் வரும் ஆற்றங்கரையில் ஒரு படகோட்டியின் வீடு. ஆட்டக்காரர் முதலில் எதிர்க்கரையிலிருந்து அதைப் பார்ப்பார். பிறகு உள்ளே போவார். கடைசியில் கூரை வழியாகத் தப்பிப்பார்."

கம்ப்யூட்டரை யாரும் திறக்கக் கூடாது என்றார். கறுப்பு மார்க்கர், சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு இரண்டு நிமிடம். கதவு, ஜன்னல், ஓடு எதுவும் கூடாது. வீட்டின் சில்லவுட் மட்டும், அதாவது உள்ளே எதுவும் இல்லாத வெறும் கறுப்பு உருவம். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிவிட்டு எதிர்ச்சுவருக்குப் போய் நின்று பார்க்கச் சொன்னார். அங்கிருந்து பார்த்தும் "இது ஒரு வீடு, அதுவும் தண்ணீருக்குப் பயந்து கட்டின வீடு" என்று புரிகிறதா? புரியாததைத் தயவு தாட்சண்யமில்லாமல் கிழித்தார். ஆட்டக்காரர் அதை முதலில் பார்ப்பதே எதிர்க்கரையிலிருந்துதானே? 2007-ல் வந்த 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' என்ற கேமில் ஒன்பது வகை வீரர்கள் உண்டு. ஓடுகிற ஓட்டத்தில் வெளி உருவத்தை மட்டும் பார்த்தே எதிரே வருபவன் யார் என்று தெரியும்படி அவர்களை வடிவமைத்தார்கள். கதிருக்கு அந்த கேம் தெரிந்திருக்கும், அவனையே கேள்.

மத்தியானம் சாம்பல் நிறத்தில் மூன்றே அழுத்தங்களை வைத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தீர்மானித்தோம். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது எந்த இடம் முதலில் தெரிகிறதோ அங்கேதான் ஆட்டக்காரர் போவார். ஏற வேண்டிய விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்து வழிகாட்டுவது சரியா தப்பா என்று அப்போது ஒரு சண்டை கிளம்பியது. எங்கள் ஆட்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால் பொழுதே போய்விடும். மஞ்சள் இல்லாவிட்டால் ஆட்டக்காரர்கள் வழி தெரியாமல் திண்டாடுகிறார்கள் என்று ஒரு கட்சி, அது கண்ணை உறுத்துகிறது என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சிக்காரர்கள்தான் கேமைப் புதியவர்களிடம் கொடுத்து விளையாடவிட்டுப் பார்த்தவர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சாயங்காலம் எல்லாரும் தங்கள் படத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் தன்னை அந்த வீட்டைக் கட்டப்போகும் த்ரீடி மாடலராக நினைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும். வரைந்தவர் வாயால் பதில் சொல்லக் கூடாது, வரைந்துதான் காட்ட வேண்டும்.

பிரேசில்காரப் பையன் ஒருவன் வரைந்தது அத்தனை அழகு, அக்கா. அந்தி வெளிச்சம், தண்ணீரில் விளக்கின் நிழல், கூரையில் பாசி. வந்தவர்களெல்லாம் அதைத்தான் சுற்றி நின்றார்கள். அது வியட்நாம்காரப் பெண்ணின் கைக்குப் போனது. அவள் கேட்டாள்: "வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறும்? ஏறினால் படகை எங்கே கட்டுவான்? இந்தப் படிக்கட்டு உள்ளே எங்கே போய் முடிகிறது? பின்பக்கம் என்ன இருக்கிறது?" அவனிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு வீட்டைத் தாங்கும் தூண்களில் இடைவெளி விட்டு விட்டு இரும்பு வளையங்களை வரைந்தான். தண்ணீர் ஏற ஏற, படகை ஒவ்வொரு வளையமாக மேலே மாற்றிக் கட்டலாம். கீழ் வளையங்களில் துரு, மேல் வளையத்தில் அவ்வளவாகத் துரு இல்லை. அதற்குப் பக்கத்திலேயே கோடு கோடாகப் பழைய வெள்ளங்களின் கறை. அதோடு அந்த வீட்டில் ஒரு ஆள் குடியிருக்க ஆரம்பித்துவிட்டான். அந்தி வெளிச்சம் செய்யாததைத் துருப்பிடித்த வளையம் செய்தது.

என் படம் உக்ரைன்காரர் ஒருவரிடம் போனது. நான் அடுப்பை மாடியில் வைத்திருந்தேன். "புகை எங்கே போகிறது?" என்றார். கூரையில் ஒரு திறப்பு வைத்துக் காட்டினேன். ஆட்டக்காரர் தப்பிக்கும் வழியாகவும் அதுவே அமைந்துவிட, அவர் மேஜையைத் தட்டினார். பிறகு வாசலின் அகலத்தை அளந்து பார்த்தார். கேமில் கேமரா ஆளுக்குப் பின்னால், தோளுக்குச் சற்று மேலே தொடர்ந்து வரும். நிஜ வீட்டின் அளவிலேயே அறையைக் கட்டினால் கேமரா சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும். அதனால் கதவு, கூரை உயரம், நடை எல்லாவற்றையும் நிஜத்தைவிடப் பெரிதாகக் கட்டுவார்கள். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது ஏழைப் படகோட்டியின் நெருக்கமான வீடாகவே தெரிய வேண்டும். அந்த ஏமாற்று வேலைக்கும் சேர்த்துத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஞாயிறன்று வெளியே கூட்டிப் போனார்கள். நதியோரத்தில் ஹாபிடாட் 67 என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1967 உலகக் கண்காட்சிக்காக மோஷே சாஃப்டி கட்டியது. இதே ஊரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது ஆய்வுக்காக யோசித்த திட்டம் அது. கட்டி முடிந்தபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. 354 கான்கிரீட் பெட்டிகளைத் தாறுமாறாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ வேற்றுக்கிரகத்து கேமுக்கு வரைந்தது என்பாய். உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக வரைய ஆரம்பித்ததும்தான் கணக்கு புரிந்தது: ஒரு வீட்டின் கூரைதான் இன்னொரு வீட்டின் தோட்டம். காற்றும் வெளிச்சமும் எல்லாருக்கும் கிடைப்பதற்காகத்தான் அந்தத் தாறுமாறு. போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. அந்த அம்மா எல்லாருடைய நோட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, அழகாக வரைந்தவர்களிடம் ஒன்றும் சொல்லாமல், ஓரத்தில் அம்புக்குறி போட்டு "இது ஏன் இப்படி" என்று எழுதி வைத்திருந்தவர்களிடம் மட்டும் உட்கார்ந்து பேசினார். கை விறைத்துப்போனது. அக்டோபரிலேயே இப்படி.

இப்போது வருகிற பத்திதான், அம்மாவுக்குப் படிக்காதே. 2023, 2024 இரண்டு வருஷமும் உலகம் முழுக்க கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. பட்டறைக்கு வந்தவர்களில் சிலர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரின் பணி அனுமதியில் ஒரே நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. அந்த வேலை போனதும், வேறு இடத்தில் சேர்வதற்குப் புது அனுமதிக்கு அலைகிறார். என் வேலைக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டும் இருக்கவில்லை, கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்கிறேன்.

படம் வரைகிற ஏஐ வந்துவிட்டதே, உன் வேலை என்ன ஆகும் என்று அத்தான் கேட்டாரே, அந்த விஷயம். 2022 டிசம்பரில் நாங்கள் படங்களைப் போடும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் ஓவியர்கள் ஒன்று சேர்ந்து, 'ஏஐ' என்ற எழுத்துகளைக் குறுக்கே அடித்த படத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். தங்கள் ஓவியங்களைக் கேட்காமலே எடுத்து இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள் என்ற கோபம். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. அதற்காக உண்மையை மறைக்க மாட்டேன்: அந்தி வெளிச்சமும் பாசியும் வேண்டுமென்றால் இயந்திரம் நொடியில் கொடுத்துவிடும். வளையத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டால் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுக்கும்; அடுத்த படத்தில் அது வேறு இடத்தில் இருக்கும். என் பயம் என்னைப் பற்றியல்ல. புதிதாக வருகிற பிள்ளைகள் கைபழகும் சின்னச் சின்ன வேலைகள் முதலில் காணாமல் போகுமே, அப்புறம் அவர்கள் எங்கே பழகுவார்கள்?

இனி கதிர். சேர்க்கலாம் அக்கா, ஆனால் இப்போதே மென்பொருள் கோர்ஸ் எதிலும் வேண்டாம். மென்பொருளைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம், அது மாறிக்கொண்டும் இருக்கும். அவன் எனக்கு அனுப்பியதெல்லாம் டிராகனும் கவசமும்தான், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கவசத்தை எந்தப் பக்கம் அவிழ்ப்பது என்று கேட்டால் அவனுக்குத் தெரியுமா? முதலில் ஒரு பட்டம் படிக்கட்டும். கட்டடக் கலையோ தொழில் வடிவமைப்போ கிடைத்தால் ரொம்ப நல்லது. இந்த வேலை கைவிட்டாலும் அது கைகொடுக்கும். கூடவே தினமும் வரையட்டும்.

இப்போதைக்கு ஒன்று செய்யச் சொல். வீட்டிலிருக்கும் ஏதாவது ஒரு பொருளை, உன் தையல் மிஷினையே எடுத்துக்கொள்ளட்டும், முன்னால், பக்கவாட்டில், பின்னால், அடியில் என்று வரைந்து, எந்தப் பகுதி எதற்கு என்று ஓரத்தில் எழுதி எனக்கு அனுப்பட்டும். கலர் வேண்டாம். அழித்துத் திருத்தின பக்கங்களையும் சேர்த்து அனுப்பட்டும், அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சித்தி திட்டுவாள் என்று நினைத்து நல்ல பக்கங்களை மட்டும் பொறுக்கி அனுப்ப வேண்டாம் என்று சொல்.

ஞாயிறு உங்களுக்கு இரவு எட்டு என்றால் இங்கே காலை பத்தரை, அப்போது கூப்பிடுகிறேன். நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுவார்கள், அதற்கப்புறம் ஒன்பதரை என்று வைத்துக்கொள். போன் வந்ததும் நேரே கதிர் கையில் கொடுத்துவிடாதே. முதலில் அம்மாவிடம் பேச வேண்டும், கண் ஆஸ்பத்திரிக்குப் போனாளா இல்லையா என்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மழுப்புகிறீர்கள்.

அன்புடன்,
உன் தங்கை செல்வி