கல்பாலமும் நம்முடைய பாதையும்

திருகோணமலை

அன்பு மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். மகளுக்கு மூதூரில் வேலை கிடைத்து, தினமும் கிண்ணியாப் பாலத்தால்தான் போய் வருகிறாள். 2009இல் அது திறக்கும்வரை நாம் கடக்கிறதுக்கு மிதக்கும் பாதைக்காகக் காத்துக்கிடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

நீ ஜேர்மனியிலுள்ள றேகன்ஸ்பூர்க் கல்பாலத்தின் படம் அனுப்பியதிலிருந்து அதைப் பற்றித்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். 1135இல் தொடங்கி 1146இல் முடித்திருக்கிறார்கள். நீளம் 300 மீற்றருக்கு மேல்! நம்முடைய கிண்ணியாப் பாலமே 396 மீற்றர்தானே. டானியூப் ஆறு அடித்தளத்தை அரிக்காமலிருக்க ஒவ்வொரு தூணைச் சுற்றியும் சிறு தீவுபோல அணை கட்டியிருக்கிறார்கள். அதனால் ஆற்றின் வழி ஒடுங்கி, வளைவுகளுக்குக் கீழே தண்ணீர் சுழித்துப் பாய்கிறதாம். நீ அனுப்பிய படத்திலும் அந்தச் சுழிகள் தெரிகின்றன.

1784இல் பனிக்கட்டி வெள்ளம் நடுக்கோபுரத்தை இடிக்க வேண்டிய அளவுக்குச் சேதப்படுத்தியது. 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜேர்மன் படையே பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. அதையெல்லாம் தாங்கி நின்ற கல்லை, பிறகு மேலிருந்து கசிந்த மழைநீரும் பனி கரைய வீதியில் போட்ட உப்பும் உள்ளுக்குள்ளே தின்றிருக்கின்றன. 1997இல் கார்களை நிறுத்தினார்கள், 2008இல் பஸ்களையும். எனக்கு இதுதான் பெரிய வேலையாகப் படுகிறது. கல்லைத் திருத்த ஆள் பிடிக்கலாம், ஆனால் ஓடிப் பழகிய பஸ்ஸை நிறுத்துவதற்கு ஊர் முழுக்க மனம் வைக்க வேண்டும்.

2010 முதல் 2018 வரை திருத்த வேலை நடந்தபோதும் நடந்து போகிறவர்களுக்குப் பக்கத்திலே தற்காலிக வழி அமைத்திருந்தார்களாம். அதைப் படித்ததும் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிதான் நினைவுக்கு வந்தது. புதுப் பாலம் கட்டுகிற காலத்தில் மிதக்கும் பாதையில் சனம் கடந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். இன்னும் ஆறவில்லை, மச்சான். பாலத்தில் வேலை தொடங்குமுன்னே, சனம் பத்திரமாகக் கடக்க வழி போட்டாக வேண்டும். இங்கே கூட்டங்களில் அதைத்தான் சொல்லி வருகிறேன்.

உனக்கு ஒரு வேலை. அந்தத் தற்காலிக வழியை எதை வைத்துக் கட்டினார்கள், எவ்வளவு அகலம், சைக்கிளும் போனதா என்று அங்குள்ள பழைய ஆட்களிடம் கேட்டு விவரமாக எழுது. படம் கிடைத்தால் அதையும் அனுப்பு. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோவேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி