சோழமண்டலக் கலைஞர் கிராமத்துக்கு ஒரு நடைப்பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் 38 பேரை இந்த ஆண்டுக் கல்விச் சுற்றுலாவாகச் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலக் கலைஞர் கிராமத்துக்கு அழைத்துச் செல்ல முடிவு செய்திருக்கிறோம். ஜனவரி 23, வெள்ளிக்கிழமை இரவு ஈரோடு சந்திப்பில் ஏற்காடு விரைவு ரயில் ஏறி, சனிக்கிழமை முழுவதும் அங்கே இருந்துவிட்டு, அன்றிரவே புறப்பட்டு ஞாயிறு காலை ஈரோடு வந்து சேர்கிறோம். மறுநாள் குடியரசு நாள் கொடியேற்றத்துக்குப் பிள்ளைகள் பள்ளியில் இருக்க வேண்டும் என்பதால் பயணத்தை இவ்வாறு அமைத்திருக்கிறோம்.

வழக்கம்போல் ஊட்டிக்கோ ஒகேனக்கல்லுக்கோ போகாமல் ஏன் இந்த இடம் என்று சென்ற பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். தறி வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு தகப்பனார், சட்டையில் நூல் தூசு ஒட்டியிருக்க எழுந்து நின்று, "ஏனுங்க சார், படம் வரைஞ்சா சோறு கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அன்று நேரமில்லாததால் சுருக்கமாக ஏதோ சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு உரிய பதிலை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். ஏனெனில் நாம் போகப்போகும் கிராமமே அதே கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

அந்தக் கிராமத்தை உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911ஆம் ஆண்டு நம் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வரும் ஆனார். தம்மிடம் படித்துத் தேறிய திறமையான பிள்ளைகள் பட்டயத்தைக் கையில் வாங்கிய சில ஆண்டுகளிலேயே பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவது அவரை உறுத்தியது. வரைந்த படத்தை வாங்க ஆளில்லை. ஆனால் கைவேலைப்பாடுள்ள துணிக்கு ஆள் இருந்தது. ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு 1966இல், அப்போது நகருக்கு வெகு வெளியே மணலும் சவுக்குமாகக் கிடந்த கடலோர நிலத்தை வாங்கி, ஆளுக்கொரு மனையாகப் பிரித்துக்கொண்டு, வீடு கட்டிக் குடியேறினார்கள். அரசு கொடுத்த இடமோ செல்வந்தர் எழுதி வைத்த சொத்தோ அன்று. துணிக்குச் சாயம் போட்டுச் சம்பாதித்த நிலம். காலையில் துணி, மாலையில் ஓவியம் என்ற கணக்கில் வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள்.

பவானியில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் உங்களுக்கு நான் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பாத்திக் செய்யும் முறையை மட்டும் சொல்கிறேன், பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பேசும்போது உங்களுக்குப் பிடிபட வேண்டும் என்பதற்காக. வெள்ளைத் துணியில் வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசுவார்கள். பிறகு துணியை ஆறிய சாயத் தொட்டியில் முக்குவார்கள். சூடான சாயமானால் மெழுகு இளகிவிடும். மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி தொட்டி. கடைசியில் கொதிக்கும் நீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள். இடையில் துணியைக் கசக்கும்போது மெழுகில் விழும் வெடிப்புகளின் வழியே சாயம் கசிந்து நரம்பு நரம்பாக ஓடும். அந்தக் கோடு ஒரு துணியில் விழுந்ததுபோல் இன்னொன்றில் விழாது. ஜமக்காளத்தில் நாம் நிறத்தை நூலிலேயே ஏற்றிவிட்டுப் பிறகு தறியில் பட்டை பட்டையாகக் கொண்டுவருகிறோம். அவர்கள் நெய்த துணியின் மேல் நிறத்தைத் தடுத்துத் தடுத்து உருவம் கொண்டுவருகிறார்கள். குழித்தறியில் இருவர் அருகருகே அமர்ந்து ஊடுநூல் கொண்ட நாடாவைத் தள்ளிக் கைமாற்றும் வேலையைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு சட்டென்று புரியும். நகரத்துப் பிள்ளைக்குப் புரிய ஒரு வகுப்பு நேரம் ஆகும் என்பது என் கணிப்பு. அந்தக் காலத்து ஓவியர்களுக்கும் தறிக்கும் இருந்த உறவு பாத்திக்கோடு நின்றுவிடவுமில்லை; ரெட்டப்ப நாயுடு போன்ற பெயர்பெற்ற ஓவியர் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர்.

எங்கள் நடைப்பயணத்துக்கு வழிகாட்டப் போகிறவர் நம் பள்ளியின் ஓவிய ஆசிரியர். அவர் பணிக்கர் முதல்வராக இருந்த அதே கல்லூரியில், இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில், படித்தவர். மாணவப் பருவத்தில் சோழமண்டலத்துக்குப் பலமுறை போய் வந்தவர். அவர் வகுத்த வழி இது. காலையில் சென்ட்ரல் நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அந்தக் கல்லூரியின் வாயிலை முதலில் பார்க்கிறோம். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி அது. அங்கிருந்து மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலை. பாறையைப் பெயர்க்கும் நான்கு ஆட்களின் முதுகையும் புயத்தையும் பிள்ளைகள் நின்று நிதானமாகப் பார்த்து நோட்டில் வரைய வேண்டும். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர், பணிக்கரின் ஆசிரியர். ஆசிரியரின் வேலையைப் பார்த்துவிட்டு மாணவரின் ஊருக்குப் போவது முறையாக இருக்கும் அல்லவா?

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஈஞ்சம்பாக்கம். 'சோழ மண்டலம்' என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் 'கோரமண்டல்' ஆனது. அதைத் திரும்பவும் தமிழாக்கிக் கிராமத்துக்குப் பெயராக வைத்தார்கள். கொங்கு மண்டலத்திலிருந்து சோழ மண்டலத்துக்குப் போகிறோம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

உள்ளே 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பணிக்கரும் அவரைச் சூழ்ந்த ஓவியர்களும் வளர்த்த சென்னை ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் படைப்புகள் இருக்கின்றன. பணிக்கரின் 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசை ஓவியங்களைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், அவற்றைச் சுற்றி எழுத்துப் போலவே ஓடும் பொடிப்பொடிக் கோடுகள். எழுத்து என்று எண்ணிப் படிக்கப் போனால் படிக்க வராது. நான் முதன்முறை பார்த்தபோது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பிள்ளைகளிடம் இதற்குப் பொருள் என்னவென்று கேட்டு மதிப்பெண் போடப் போவதில்லை. வெளியே மரங்களுக்கு நடுவே கல்லிலும் உலோகத்திலும் செய்த சிற்பங்கள் நிற்கின்றன. பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெட்டிப் பற்றவைத்துச் செய்தவற்றைப் பார்க்கும்போது, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பற்றுவைத்த இடத்தைத்தான் முதலில் தேடுவார்கள். தேடட்டும். ஓவியக் கூடங்களில் படங்கள் விற்பனைக்கும் வைக்கப்பட்டிருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் எதைக் கண்டாலும் விலையைக் கேட்பார்கள். அதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை, மரியாதையாகக் கேட்கும்படி மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு விலைச் சீட்டும் ஒரு பதில்தானே.

ஒன்றைப் பெற்றோர் வீட்டிலேயே எடுத்துச் சொல்லி அனுப்ப வேண்டும். அது காட்சிசாலை மட்டுமன்று, மக்கள் குடியிருக்கும் ஊர். தீபாவளி விடுமுறையில் இடம் பார்த்து வர நானும் ஓவிய ஆசிரியரும் போயிருந்தோம். அவர் சற்றுப் பின்தங்கி நிற்க, நான் வாசலில் அழகான சுடுமண் சிற்பம் இருந்த ஒரு கட்டடத்தைக் கூடம் என்று எண்ணி, செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். சமையலறையில் ஓர் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் கோபிக்கவில்லை, "கூடம் அந்தப் பக்கம்" என்று கீரைக் கட்டாலேயே வழி காட்டினார். தலைமையாசிரியரே செய்த தவறு என்பதால் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். வழிகாட்டும் ஆசிரியரை விட்டு விலகிப் போவது, வீடுகளின் வேலிக்குள் எட்டிப் பார்ப்பது, சிற்பங்களைத் தொடுவது, ஏறி நின்று படம் எடுப்பது ஆகியவை கூடவே கூடாது. கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை. கோடு போடாத நோட்டு ஒன்றும் இரண்டு பென்சிலும் கட்டாயம். வீட்டுக்குப் பேச வேண்டுமானால் ஆசிரியர்களின் கைப்பேசியிலிருந்து சனிக்கிழமை மதியமும் இரவு ரயில் ஏறியதும் பேச வைப்போம்.

மாணவியருடன் இரண்டு ஆசிரியைகள் வருகிறார்கள். அவர்களையும் என்னையும் சேர்த்து ஐந்து பேர் பொறுப்பில் இருப்போம். கடலுக்கு அருகில் போனாலும் எக்காரணம் கொண்டும் தண்ணீரில் இறங்க விடமாட்டோம். ரயில், வேன், மூன்று வேளைச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் அனைத்தும் சேர்த்து ஒருவருக்கு ரூ.1,450 ஆகிறது. வெள்ளிக்கிழமை இரவுக்கு மட்டும் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொடுத்து அனுப்புங்கள். பணம் கட்ட இயலாதவர்கள் பிள்ளையை நிறுத்திவிட வேண்டாம். பாவுக்கு நூல் வரத்து இல்லாமல் இந்த இரண்டு மாதமாகப் பல வீடுகளில் தறி நிற்பது எனக்குத் தெரியும். மாலை ஐந்து மணிக்கு மேல் தனியே வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்னாள் மாணவர்கள் சிலர் அதற்கென்று கொடுத்த தொகை இருக்கிறது, யாருக்குக் கொடுத்தோம் என்பது வெளியே தெரியாது.

மருந்து உட்கொள்ளும் பிள்ளைகள், வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் பற்றிய விவரத்தை இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தின் பின்பக்கம் எழுதி, பெற்றோர் கையொப்பத்துடன் ஜனவரி 9ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டுகிறேன். கையெழுத்து வராத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளையைக் கொண்டு போடச் சொல்லாமல், நேரில் வந்து கைநாட்டு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். புறப்படும் நாளன்று இரவு ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் வேன் நிற்கும்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்
பவானி, ஈரோடு மாவட்டம்